இடி இடிச்சா போற இடம்

எங்கள் மாவட்டத்துக்கு வெள்ள அபாய வரைபடம் போடுகிற வேலை வந்தபோது ஆபீஸே சிரித்தது.

"விருதுநகருக்கு வெள்ளமா? வெயில் அபாயப் படம் கேட்டா ஒரே செவப்பா அடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் விக்னேஷ்வரன் சார். நிறுவனம் அவருடையது. காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். சிரிக்க அவரிடம் நேரம் இருந்தது.

நான் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று என்னை மேடையில் நிறுத்திக் கைதட்டிய காலேஜை விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குக் கைதட்டியவர்களில் ஒருத்தராவது அம்மாவின் கையைப் பார்த்திருந்தால் தட்டியிருக்க மாட்டார்கள். தாயில்பட்டிக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் வெடிமருந்து அடைக்கிறாள். இடது கையில் முழங்கை வரைக்கும் தோல் வெந்து வழவழவென்று இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது நடந்தது. சர்ரென்று ஒரு சத்தம் கேட்டதும் ஓடினாளாம். ஓடியதால் கையோடு போயிற்று. கூட இருந்த பெண் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தாளாம்.

என் வேலை சுலபமானதுதான். ட்ரோன் எடுத்த படங்களிலிருந்து தரையின் மேடு பள்ளத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எடுக்கும். அதை இணையத்தில் ஒரு வரைபடமாக ஏற்றுவோம். செல்போனில்கூடத் திறக்கலாம். எந்த இடத்தில் விரலை வைத்தாலும் அதன் உயரம் வரும். அங்கே விழுகிற மழை எந்தப் பக்கம் ஓடும், மேலேயிருந்து எவ்வளவு நிலத்துத் தண்ணீர் அங்கே வந்து சேரும் என்பதும் வரும். ஓரத்தில் மழையின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருக்கும். இழுத்தால் நீலம் பரவும்.

எங்கள் பக்கத்து ஓடைகளில் தண்ணீர் ஓடிப் பார்த்தவர்கள் குறைவு. கருவேலம் நிற்கும். ஆடு மேயும். லோடு ஏற்ற வந்த லாரி திரும்பும். குப்பை எரியும். படத்தில் மட்டும் அவை மயிரிழை மாதிரி மேற்கே மலையிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தன. கோட்டை இழுத்தபோது ஒவ்வொரு இழையும் வீங்கியது.

பட்டாசுக் கம்பெனிகளை மேலேயிருந்து பார்த்தால் யாரோ தீப்பெட்டிகளை வாரி இறைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு ரூமும் தனித்தனி. ஒரு ரூம் வெடித்தால் அடுத்தது பற்றக் கூடாது என்று இடைவெளி விட்டுத்தான் கட்ட வேண்டும், அது சட்டம். தயாரான சரக்கை அடைத்து வைக்கிற மேகசினுக்கு இன்னும் தூரம் விட வேண்டும். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு எழுப்ப வேண்டும். இப்படித் தூரம் விட்டு விட்டு எல்லாவற்றையும் நல்ல தரையில் கட்டிய பிறகு மிச்சம் எது? ஓடை. அதில்தான் சாப்பாட்டு ஷெட்டைப் போடுகிறார்கள். நாலு கம்பி, மேலே தகரம், நடுவில் ஒரு தண்ணி டிரம்.

அம்மாவின் கம்பெனி படத்தில் வந்த அன்று, அந்தத் தகரத்தில் வெயில் பட்டு ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. கோட்டை இழுத்தேன். நீலம் முதலில் அந்தப் புள்ளியைத்தான் மூடியது.

*

சாயங்காலம் வீட்டில் போனைக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி அத்தையும் இருந்தாள். அவளும் அம்மாவும் ஒரே ரூம், ஒரே வேன்.

"என்னடி இது, ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரி இருக்கு" என்றாள் அத்தை.

"உங்க கம்பெனிதான் அத்தே. ட்ரோன்ல எடுத்தது."

"அட, நம்ம கம்பெனியாக்கும்! முதலாளி கார் எங்கன?"

"இந்தா, இந்த வெள்ளை."

"மேலேருந்து பாத்தா அவரு காரும் பல்லி முட்டை கணக்காத்தான் இருக்கு."

நான் கோட்டை இழுத்தேன். நீலம் வந்தது. அத்தை வாயை மூடவில்லை.

"இது என்ன, தண்ணியா? அந்த ஓடையில நாங்க ஒதுங்குறப்ப ஓடுற தண்ணிதான்டி தண்ணி. அதையும் கணக்குல சேத்துட்டியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சிரிக்காத பிள்ள. அவ படிச்சவ. படம் போட்டுத் தண்ணி வர வைப்பா. நமக்குக் குழாய்லதான் வரல" என்றாள்.

"எம்மா, ஷெட்டு உள்ள போயிருது. நெஞ்சளவு தண்ணி வரும்."

"எப்ப?"

"மேலக் கண்மாய் நெறைஞ்சு மறுகால் போனா."

"அது எப்ப நெறைஞ்சுச்சு, நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து?"

"அதான் சொல்றேன். இனிமே பெய்யிற மழை ஒரே நாள்ல கொட்டுது. தூத்துக்குடிப் பக்கம் பாக்கலையா? சரி, இடி இடிச்சா எங்க போவ?"

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற யாரிடம் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான். இடிச் சத்தம் காதில் விழுந்ததும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ரூமை விட்டு வெளியேற வேண்டும். மின்னல் எங்கே இறங்கும் என்று தெரியாது. போர்மேன் விசில் ஊதுவார். எல்லாரும் ஷெட்டுக்கு ஓடுவார்கள். சேரும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் மொட்டை மாடியில் வடகம் காயப்போடும் பெண்கள்கூட இடி கேட்டால் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் நிற்பார்கள்.

"எங்க போவேன்? ஷெட்டுக்குத்தான்" என்றாள் அம்மா.

"மழை வந்தா?"

"மழை இங்கன தனியாவா வரும்? இடியோடதான வரும்."

சொல்லிவிட்டுக் கரண்டியை அடுப்பில் வைத்தாள். பிறகு ரசத்தைத் தாளித்தாள். அத்தை மட்டும் போனை வாங்கி முதலாளி காரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது அம்மாவே கேட்டாள். "சரி, அங்கன எதுதான் மேடு?"

காட்டினேன். காம்பவுண்டின் மேற்குக் கடைசியில் வட்டமாக ஒரு மண்மேடு. அதைவிட உயரம் அந்த வளாகத்தில் எதுவும் இல்லை.

"அது மேகசின்லா?"

"ஆமா."

"கேட் பக்கம்?"

"கேட்டுக்குப் போகணும்னா ஓடைத் தரைப்பாலத்தைத் தாண்டணும். அதுவும் ஷெட்டோட சேந்து முங்கும்."

"இடி நேரத்துல மேகசின் பக்கம் போறதுக்கு, அந்த ஓடையிலயே மல்லாந்து படுத்துக்கிருவேன்" என்று தட்டைக் கழுவப் போனாள்.

*

மறுநாள் விக்னேஷ்வரன் சாரிடம், ஷெட்டுகளையும் அபாயப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றேன்.

"சுவர் இருக்கா?"

"இல்ல சார். தகரம்."

"அப்ப அது கட்டடம் இல்லம்மா. அபாயம்னா என்ன? தண்ணி வரணும். வர்ற எடத்துல ஒரு கட்டடம் இருக்கணும். அதுக்கு ஒரு மதிப்பு இருக்கணும். மூணையும் பெருக்கினாத்தான் கலர் வரும்."

"உள்ள ஆளுக இருக்காங்க சார்."

"சாப்பிடுற நேரம்தான?"

"இடி இடிக்கிற நேரமும்."

"அது எந்த லேயர்ல வரும்?"

எந்த லேயரிலும் வராதுதான். எங்கள் படத்தில் ரோடு ஒரு லேயர், கண்மாய் ஒரு லேயர், கட்டடம் ஒரு லேயர். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித்தாள் அடுக்கிய மாதிரி. தேவையானதைக் காட்டலாம், தேவையில்லாததை அணைக்கலாம். வேலை நேரம் முடிந்து உட்கார்ந்து நானே ஒரு லேயர் போட்டேன். சிவகாசியைச் சுற்றி ட்ரோன் பறந்த இடம் பூராவும் ஷெட் ஷெட்டாகத் தேடிப் புள்ளி வைத்தேன். லேயருக்குப் பேர் கேட்டது. 'இடி இடிச்சா போற இடம்' என்று வைத்தேன்.

இறுதிப் படத்தை அனுப்பும்போது சார் அந்த லேயரை அணைத்துவிட்டார். அழிக்கவில்லை. அவர் நல்ல மனிதர் என்று ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள்.

கம்பெனிக்கே போனேன். கேட்டில் போர்மேன் காளீஸ்வரன் நின்றிருந்தார். எங்கள் தெருதான். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"வாங்க இன்ஜினியரம்மா. போனை அங்கன குடுத்துரு. உள்ள ஆகாது."

"உள்ள வரலண்ணே. இங்கனயே பாருங்க." படத்தைக் காட்டினேன்.

அவர் நிஜமாகவே பார்த்தார். சிரிக்கவில்லை. ஓடையை, தரைப்பாலத்தை, ஷெட்டை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "சரி தாயி. தூக்கிருவோம். எங்கன வைக்க, நீயே சொல்லு" என்றார்.

"இந்த மேட்டுல."

"அதுக்கு அடுத்தாப்புல மருந்து கலக்குற ரூம். தூரம் பத்தாது."

"இங்க?"

"அது திரி ரூம். ஆபீசர் வந்தா லைசென்ஸைப் பிடுங்கிருவாக. அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிரும். உங்க அம்மாவுக்குந்தான்."

அங்கேயே நின்று போனில் ஒவ்வொரு ரூமைச் சுற்றியும் வட்டம் போட்டேன். அவர் தூரம் சொல்லச் சொல்லப் போட்டேன். வட்டம் வட்டத்தின் மேல் ஏறியது. கடைசியில் எந்த வட்டத்திலும் படாமல் ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. அதன் நடுவில் அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது.

"பாத்தியா? நாங்க என்ன கிறுக்கனுகளா? நெருப்புக்குப் பயந்துதான் அங்கன வச்சிருக்கு" என்றார் அவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்பாகப் பேசியிருந்தால் கத்திவிட்டு வந்திருப்பேன். முதலாளிக்கு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. தீபாவளி சீசன். யாருக்கும் நேரமில்லை.

*

ஐப்பசி பிறக்கும் முன்பே மழை வந்தது. மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே மலைப்பக்கம் சிவப்பாக ஒரு கட்டி. நகரவே இல்லை. ஒரே இடத்தில் நின்று கொட்டிக்கொண்டிருந்தது. கண்மாய்க்கு மேலே உள்ள ஊரில் இருக்கிற காலேஜ் தோழிக்குப் போன் செய்தேன். "மறுகால் போகுதுடி, எல்லாரும் வேடிக்கை பாக்கப் போயிருக்காக" என்றாள் சந்தோஷமாக.

கம்பெனி ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இடி இடித்திருக்கும். ஆபீஸைப் பூட்டிவிட்டு வெளியேறியிருப்பார்கள். அம்மாவின் போன் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. காளீஸ்வரன் அண்ணனின் போன் கேட்டில் வாட்ச்மேன் மேஜைக்குள் இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு போன்கூடப் போகாது. போன் பொறியால் யாரும் சாகக் கூடாதென்றுதான்.

சாத்தூர் வரை பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் இடி. ஆட்டோக்காரர், "இந்த மழை ஒரு வாரம் முந்தி பேஞ்சிருந்தா கடலைக்கு ஆகியிருக்கும்" என்றார். சரிங்க என்றேன். பயமாக இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் மேஜை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். தரைப்பாலம் இல்லை. அது இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டின் கம்பிகள் சாய்ந்து, தகரத்தில் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மடங்கி, திரும்பி, போய்விட்டது. தண்ணி டிரம் மிதந்து போனது. ஒரு தூக்குவாளி. செருப்புகள், நிறைய.

"ஆளுக எங்க?" என்றேன்.

வாட்ச்மேன் கையை நீட்டினார்.

மழைக்குள் தூரத்தில் அந்த மண்மேடு. அதன் மேல் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தோளோடு தோள் ஒட்டி. சேலைக்கு மேல் எல்லாரும் ஆம்பளைச் சட்டைதான் போட்டிருப்பார்கள், வேலைக்கு அதுதான் வசதி. நனைந்துவிட்டால் எல்லாச் சட்டையும் ஒரே நிறம். எது அம்மா என்று தெரியவில்லை. அவர்களுக்குப் பின்னால் மேகசின். அதற்குள் ஒரு சீசன் சரக்கு. மின்னல் வெட்டும்போதெல்லாம் அந்த வரிசை முழுக்க வெள்ளையாகத் தெரிந்து அணைந்தது.

மேட்டின் அடியில் காளீஸ்வரன் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கைகளை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். இறங்கச் சொல்கிறார் என்று கையசைவில் தெரிந்தது. யாரும் இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது? கொஞ்ச நேரத்தில் அவரும் ஏறி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளத்தில் இருந்த ரூம்களுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மருந்தில் தண்ணீர் பட்டால் அணைந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே சூடேறும். கடைசி ரூமின் கதவு இடுக்கில் புகை வந்தது. முதலில் மழை என்றுதான் நினைத்தேன். வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டார். தண்ணீருக்கு நடுவிலிருந்து அந்த ரூம் வெடித்தது. கூரை மேலே போனது, நிதானமாகப் போன மாதிரி இருந்தது. செங்கல் தண்ணீரில் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

மண்மேட்டின் மேல் ஒருத்தியும் எழுந்து ஓடவில்லை. ஓடிப் பழகியவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

நானும் நின்றே இருந்தேன். போனில் படத்தைத் திறந்து மழை அளவை இழுத்து, நீலம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியாது. நீலம் மேட்டின் அடியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் தண்ணீரும் அங்கேதான் நின்றது.

இருட்டும் முன் தண்ணீர் வடிந்தது. கயிறு கட்டி ஒவ்வொருத்தராகக் கடந்து வந்தார்கள். பாண்டிலட்சுமி அத்தை என்னைக் கண்டதும் அழுதாள். அம்மா அழவில்லை. "டிபன் பாக்ஸ் போச்சு. ரெண்டு அடுக்கு உள்ளது, நல்ல பாக்ஸு" என்றாள்.

அன்று ராத்திரி அத்தைதான் சொன்னாள். விசில் ஊதியதும் எல்லாரும் ஷெட்டுக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். கணுக்காலில் தண்ணீர் ஏறியபோது யாரும் அசையவில்லை. மழைத்தண்ணி, போயிரும் என்று நின்றிருக்கிறார்கள். அம்மா மட்டும், "எம்மக படத்துல இது நெஞ்சு வரைக்கும் வருதுடி, நடங்க" என்று அத்தையின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறாள். எங்கே என்று கேட்டதற்கு மேகசின் என்றிருக்கிறாள். வரமாட்டோம் என்றவர்களை அம்மா திட்டிய திட்டை அத்தை அப்படியே சொன்னாள். இங்கே எழுத முடியாது.

*

யாரும் சாகவில்லை. அதனால் பேப்பரில் சின்னதாக வந்தது.

ரெண்டு நாள் கழித்துக் காளீஸ்வரன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க தம்பி. காப்பி குடிக்கீகளா?" என்றாள் அம்மா.

"இல்லக்கா. முதலாளி உங்களை வர வேண்டாம்னுட்டாக."

"எதுக்கு?"

"இடி நேரத்துல மேகசின் மேல ஆள ஏத்துனதுக்கு. விசாரணை வருது. யாரோ போட்டோ எடுத்துட்டான். லைசென்ஸ் நிக்கணும்னா யாரையாச்சும் காட்டணும்லா."

"மத்தவளுக?"

"அவுகளுக்கு வேலை உண்டு. நீங்க கூட்டிப் போனதாத்தான் எல்லாரும் சொல்லிருக்காக."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். "நீகளும் மேலதான இருந்தீக?"

"நான் எறக்கிவிடப் போனேன்க்கா."

"ஏறில்ல உக்காந்திருந்தீக."

நான் நறுக்கென்று ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவரே முந்திக்கொண்டார். "அந்த ரூம் வெடிச்சப்ப ஒரு பொறி இந்தப் பக்கம் விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? சொல்லு தாயி, நீ படிச்சவதான?"

"ஷெட்லயே நின்னுருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"அது வேற" என்றார். கிளம்பும்போது, "ஷெட்டு புதுசாக் கட்டுறாக. செவரு வச்சு" என்றார்.

"எங்க?"

"அங்கனதான். வேற எங்க?"

அவர் போன பிறகு அம்மா என்னைத் திட்டினாள். சீசன் நேரத்தில் வேலை போச்சு, போனஸ் போச்சு, உன் படத்தைப் பார்த்ததுதான் தப்பு என்றாள். பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். பாண்டிலட்சுமி அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே காட்டவில்லை. மறுநாள் காலையில் வேன் வந்தபோது தலையைக் குனிந்தபடி ஏறிப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கும் வயிறு இருக்கிறது. இதை நான் அம்மாவிடம் சொன்னதற்கு, "எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

ஆபீஸில் விக்னேஷ்வரன் சார் எனக்குக் கைகொடுத்தார். கம்பெனி ரூம்களின் சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் போய் அளந்துவிட்டு வந்திருந்தார். "நம்ம மாடல் சொன்ன உயரத்துக்கும் நெசத்துக்கும் ஒரு ஜாண்கூட வித்தியாசம் இல்ல இசைவாணி. இந்த வறண்ட பூமியில இப்படி ஒரு சரிபார்ப்பு யாருக்கும் கெடைக்காது." ஆபீஸில் இனிப்பு கொடுத்தார்கள். சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது.

"சார், அந்த லேயர்?" என்றேன்.

"இப்ப சேத்துக்கலாம். செவரு வச்சுக் கட்டுறாங்கன்னு சொன்னாங்களே. செவரு வந்துட்டா கட்டடம்தான்."

"அதே எடத்துல கட்டுறாங்க சார்."

"அதான் செவப்பு அடிச்சுக் காட்டப் போறோமே" என்றார்.

அடித்தேன். புதுச் சுவருக்கு நாலு மூலை வைத்துக் கட்டம் போட்டேன். கம்ப்யூட்டர் பெருக்கிப் பார்த்து வெளிறிய மஞ்சள் கொடுத்தது. சுவரின் மதிப்பு அவ்வளவுதான்.

*

அம்மா ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்பதைவிட, அங்குமிங்கும் நடந்தாள். என் சம்பளத்தில் சாப்பிடலாம் என்றேன். "உன் சோத்தை நீ தின்னு. எங்கைக்கு என்ன கேடு?" என்றாள். வழவழவென்ற அந்தக் கையை நீட்டித்தான் சொன்னாள்.

பிறகு ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தை எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடு. எங்கன வேலைக்குப் போகணும்னு பாத்துச் சொல்லு. ஷெட்டு மேட்டுல இருக்கிற கம்பெனியாப் பாரு."

அணைத்து வைத்திருந்த லேயரைப் போட்டேன். 'இடி இடிச்சா போற இடம்.' புள்ளிகள் எழுந்தன. மழைக் கோட்டை அன்றைக்குப் பெய்த அளவுக்கு இழுத்தேன். தாயில்பட்டியைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியாக நீலத்துக்குள் போனது. அம்மா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். இது அவுக கம்பெனி. இது பங்காளிக கம்பெனி. இது இப்ப கைமாறிருச்சு. எல்லாமே ஓடையில். எல்லாரும் ஒரே சட்டத்துக்கு, ஒரே மாதிரி யோசித்து, ஒரே மாதிரி தூரம் விட்டிருந்தார்கள். படத்தை நகர்த்தினேன். வெம்பக்கோட்டை. நீலம். சிவகாசிப் பக்கம். நீலம்.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி காய்ந்திருந்தது.

"அது?" என்றாள் அம்மா.

பெரிதாக்கினேன். சின்னக் கம்பெனி. நெருக்கி நெருக்கிக் கட்டிய ரூம்கள். ஷெட் நல்ல மேட்டில்தான் இருந்தது. அதை ஒட்டி ஒரு ரூம், அதன் வாசலில் சாம்பல் நிறத்தில் தரை கறுத்திருந்தது. அலுமினியத் தூள் சிந்தினால் அப்படித்தான் தெரியும்.

"வேண்டாம்மா. பக்கத்துலயே மருந்து கலக்குற ரூம். தூரமே விடல. யாரும் வந்து பாக்கவும் இல்ல போல."

"தண்ணி வருமா?"

"வராது."

"எம்புட்டு மழைக்கும்?"

கோட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினேன். சுற்றிலும் நீலம். நடுவில் ஷெட்டும் அந்த ரூமும் மட்டும் ஒட்டியபடி வெளியே நின்றன.

அம்மா விரலால் அந்த ஷெட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "புதுப்பட்டி வேன் நம்ம முக்குலதான் நிக்கும். நாளைக்குக் கேட்டுப் பாக்கேன்" என்றாள்.

"எம்மா, அந்த ரூம் போச்சுன்னா..."

"சத்தம் வருமில்ல? சத்தம் கேட்டா ஓடுவேன். ஓடத் தெரியும் எனக்கு. அன்னைக்கு அந்த மேட்டுல உக்காந்திருந்தேம் பாரு, கீழ தண்ணி, பின்னாடி மேகசின். எந்தப் பக்கம் ஓட?"

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. முதலாளியைப் பற்றி, ஆபீசர்களைப் பற்றி, வெளிறிய மஞ்சளைப் பற்றி. எல்லாம் உள்ளே ஈர மருந்து மாதிரிக் கிடந்தது.

காலையில், உரசிப் பொறி வரக் கூடாதென்று தலைமுடியிலிருந்து கம்பி ஊசிகளைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். ஆம்பளைச் சட்டையை மாட்டினாள். போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். புதிய டிபன் பாக்ஸ், ஒரே அடுக்கு. நான் முக்கு வரை கூடப் போனேன். வேன் வந்தது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஏறி உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டாள். "அந்த ஷெட்டு மேட்டுலதான இருக்கு? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்மா. மேட்டுலதான் இருக்கு" என்றேன்.